வெங்காயம் என்று நினைத்த பூக்கள்

அம்மா லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். ஜனவரி மாதத்தின் ஒரு காலை, குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வந்து பார். முந்தி இருந்த சனம் வெங்காயம் நட்டிட்டுப் போயிருக்குது."

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நாலு மாதம்தான். பின்வளவு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும் அளவுள்ள புல்தரை, ஒரு பலகை வேலி, மூலையில் இலையில்லாத ஒரு மரம். அந்த மரத்தடியில், இரவு உறைந்த மண்ணைக் கீறிக்கொண்டு, விரல் நீளத்துக்குப் பச்சைக் குருத்துகள் வரிசையாக நின்றன. பார்த்தால் வெங்காயத் தாள்தான். அம்மா வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டு வளர்ந்த குடும்பம். அவருக்கு முளை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. "இன்னும் கொஞ்சம் வளர விட்டு ஆய்ஞ்சால் ஒரு வறைக்குக் காணும்" என்றார்.

நல்லகாலம், நாங்கள் ஆயவில்லை. அது டஃபடில். குருத்திலிருந்து கிழங்குவரை நஞ்சு.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பிழையை விடக்கூடியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை சுப்பர் மார்க்கெட்டுகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: டஃபடில் பூக்கட்டுகளையும் கிழங்குகளையும் மரக்கறிகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கிழங்கை வெங்காயம் என்றும், மொட்டுத் தண்டுகளைச் சீன உணவில் சேர்க்கும் ஒருவகைத் தாள் என்றும் நினைத்துச் சமைத்தவர்கள் வாந்தியும் வயிற்றுவலியுமாக வைத்தியசாலைக்குப் போயிருந்தார்கள். புதிதாக வந்த வயதானவர்கள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லி வைப்பது நல்லது. வேறுபாடு அறிய இலகுவான வழி மூக்குத்தான். வெங்காயத் தாளைக் கசக்கினால் வெங்காயம் மணக்கும். டஃபடில் இலை வெறும் புல் மணம். மணக்கவில்லையென்றால் சட்டிக்குப் போகக்கூடாது.

ஆனாலும் அம்மா சொன்னதில் அரைவாசி சரி. வெங்காயமும் டஃபடிலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் வெங்காயம் கிளப்பியவர்களுக்குத் தெரியும். கிளப்பிய உடனே அதை நட முடியாது. பிடிபிடியாகக் கட்டி, காற்றுப் படும் இடத்தில் தூக்கித் தொங்கவிட்டு வைக்க வேண்டும். சில கிழமைகள் அது உறங்கும். பிறகு தானாகவே உச்சியில் பச்சை காட்டும். அப்போதுதான் அது நடுவதற்குத் தயார். ராசவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். வீட்டின் இருட்டு மூலையில் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் கிடந்து, மழைக்காலம் கிட்டும்போது தானே முளை விடும். "அதுக்குக் கலண்டர் தெரியும்" என்று எங்கள் அம்மம்மா சொல்வார்.

குளிர் நாடுகளில் வசந்தத்துக்கு முந்திப் பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விதையிலிருந்து புதிதாகத் தொடங்குபவை அல்ல. ஜனவரியில் தலைகாட்டும் ஸ்னோட்ரொப், பெப்ரவரியில் வரும் குரோக்கஸ், மார்ச்சில் டஃபடில், ஏப்ரலில் துலிப். எல்லாமே நிலத்துக்குக் கீழே உணவைச் சேமித்து வைத்திருப்பவை. போன வருடம் இலை பச்சையாக இருந்த சில கிழமைகளில் சம்பாதித்ததை மாவாக மாற்றிக் கிழங்கில் வைத்திருக்கின்றன. அதனால்தான் வெயில் இல்லாத மாதத்திலும் அவற்றால் எழும்ப முடிகிறது.

அவசரப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்னோட்ரொப் போன்றவை காட்டு மரங்களுக்குக் கீழே வாழப் பழகியவை. மரங்கள் ஏப்ரல், மேயில் இலை விட்டுவிட்டால் கீழே வெளிச்சம் விழாது. அதற்குள் பூத்து, இலை விரித்து, அடுத்த வருடத்துக்கான உணவையும் சேர்த்துவிட்டு, மீண்டும் மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஒரு வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் அவை வெளியில் இல்லை. செத்துவிட்டதென்று நினைத்து அந்த இடத்தைக் கொத்திவிடுகிறவர்கள் பலர். நானும் கொத்தியிருக்கிறேன்.

இதில் எனக்கு ஆச்சரியமான ஒன்று உண்டு. இலையுதிர்காலத்தில் கடையில் வாங்கும் ஒரு துலிப் கிழங்கை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடுவில் மிகச் சிறிய பூ ஒன்று ஏற்கெனவே இருக்கும். இதழ்கள் வரை உருவாகிவிட்டிருக்கும். டஃபடிலும் அப்படித்தான். இந்த வசந்தத்தில் நாங்கள் பார்க்கும் பூ, போன கோடையிலேயே மண்ணுக்குள் செய்து முடிக்கப்பட்டது. இனி அதற்குத் தேவை நீட்சி மட்டும்தான். அந்த நீட்சிக்குக் குளிர் வேண்டும். துலிப்புக்குக் குறைந்தது 12 கிழமைகளாவது நல்ல குளிர் படவேண்டும். குளிர் பட்டால் கிழங்கில் உள்ள மா மெல்ல மெல்லச் சீனியாக மாறும். தண்டு நீளும். குளிர் போதாவிட்டால் பூ மண்ணோடு குட்டையாக நின்றுவிடும், அல்லது உள்ளேயே கருகிவிடும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ துலிப்பை நட்டு ஏமாந்தவர்கள் இருந்தால் காரணம் இதுதான். உங்கள் மண்ணிலோ கையிலோ குறையில்லை.

இந்த இடத்தில் ஒரு வாழ்த்து அட்டை வாசகம் எழுதிவிடுவது மிக இலகு. குளிர் பட்டால்தான் பூக்கும், துன்பப்பட்டால்தான் மனிதர் மலர்வார் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. துலிப்பின் மூதாதையர் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் நெடுங்காலமாக வளர்ந்து, அந்தக் குளிருக்கு ஏற்றபடி அமைந்தவை. எறிகணைக்கு ஏற்றபடி எந்த மனிதப் பிள்ளையும் அமைந்ததில்லை. நடந்தது நல்லதுக்குத்தான் என்று எங்களிடம் சொல்ல எந்தப் பூவுக்கும் உரிமையில்லை. பிறகு எதற்காக இந்தப் பூக்களைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டால், மாதங்களைத்தான் காரணமாகச் சொல்லவேண்டும்.

ஸ்னோட்ரொப் தொடங்கி துலிப் முடியும் வரையான நாட்களை எண்ணிப் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நடுப்பகுதி. 2009இல் கிளிநொச்சி விழுந்தது ஜனவரி 2. எல்லாம் முடிந்தது மே 18. குளிர் நாட்டின் முன்வசந்தமும் எங்கள் இழப்பின் நாட்காட்டியும் கிழமைக்குக் கிழமை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. வன்னியில் யாரையாவது விட்டுவிட்டு இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2009 பெப்ரவரி 2ஆம் திகதி லண்டனில் பெரிய பனி கொட்டியது. 18 வருடங்களில் காணாத பனி என்றார்கள். பஸ் ஓடவில்லை, பாடசாலைகள் பூட்டு. தெருவெல்லாம் பிள்ளைகள் பனியுருண்டை எறிந்து விளையாடினார்கள். அதே நாட்களில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை திரும்பத் திரும்ப எறிகணை வீச்சுக்கு உள்ளானது. அதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உலகுக்கு அறிவித்தது. அம்மாவும் தம்பியும் அந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தார்கள். நான் வேலைக்கும் போக முடியாமல் ஒரு வாடகை அறையில் ரெலிபோனைப் பார்த்தபடி இருந்தேன். ஏப்ரல் 6ஆம் திகதியிலிருந்து பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்தேன். பக்கத்துப் பூங்காவில் அந்த வருடமும் டஃபடில் பூத்திருக்கும், துலிப் பூத்திருக்கும். அவற்றுக்கு இடையால் நடந்துதான் போயிருப்பேன். ஒரு பூவும் நினைவில்லை.

அம்மா வந்தார். தம்பி வரவில்லை. அதற்குமேல் எங்களுக்கு எழுத்தில் எதுவும் தரப்படவில்லை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் எனக்கு வசந்தம் பிடிக்கவில்லை. வேலைத்தலத்தில் பெண்கள் "வெயில் வந்துவிட்டது" என்று சந்தோஷப்படும்போது எனக்குள் ஏதோ இறுகும். உடல் தன் கணக்கை வைத்திருக்கிறது என்பதைப் பின்னர் ஒரு ஆற்றுப்படுத்துநர் சொல்லித்தான் விளங்கியது. ஆண்டு நினைவு வரும் காலத்தில் நித்திரை குழம்புவதும், கோபம் வருவதும், காரணம் தெரியாமல் நெஞ்சு படபடப்பதும் போரைக் கண்டவர்களிடம் வழமையாகக் காணப்படுவது. நாங்கள் திகதியை மறந்தாலும் வெளிச்சத்தின் சாய்வும் காற்றின் மணமும் அதை ஞாபகப்படுத்திவிடும். எனக்கு அந்த ஞாபகக்குறி ஈரமண்ணும் டஃபடில் மஞ்சளும்.

அம்மாவுக்கு இந்த நாட்டு மாதங்களோடு பழைய பகை இல்லை. அவருக்கு எல்லாமே புதினம். அந்த முதல் ஜனவரியில் "வெங்காயத்தை" வறுக்கக் கூடாது என்று சொன்ன பிறகு அவர் அதைக் கைவிடவில்லை. தினமும் காலை தேத்தண்ணீரோடு போய்ப் பார்ப்பார். டஃபடிலுக்கு முன்பே, மரத்தின் மறுபக்கத்தில் ஸ்னோட்ரொப் பூத்தது. மூன்று வெள்ளை இதழ் வெளியே, உள்ளே பச்சைப் பொட்டு வைத்த மூன்று சிறிய இதழ். பூ தலைகீழாகத் தொங்கும். "உது ஏன் தலையைக் குனிஞ்சு நிக்குது?" என்று கேட்டார். மழையும் பனியும் உள்ளே போய் மகரந்தத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கு அந்தக் குனிவு உதவும் என்று சொன்னேன். அம்மா அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

ஒரு நாள் கடும் உறைபனி. காலையில் அத்தனை ஸ்னோட்ரொப்பும் அவித்த கீரைபோல மண்ணில் படுத்துக் கிடந்தன. "முடிஞ்சுது" என்றார் அம்மா. பதினொரு மணிபோல வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மத்தியானம் பார்த்தால் எல்லாம் எழும்பி நிற்கின்றன. இது அற்புதம் ஒன்றுமில்லை. அந்தச் செடியின் சாற்றில் பனிக்கட்டிப் பளிங்குகள் பெருக்காமல் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. கலங்கள் கிழியாததால், குளிர் தணிந்ததும் நீர் திரும்பி ஏறித் தண்டு நிமிரும். இலையின் நுனியும் சாதாரண இலைபோல மென்மையானதல்ல. உறைந்த மண்ணைத் துளைப்பதற்காகக் கடினப்பட்டது. அம்மாவுக்கு இந்த விளக்கத்தையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான்: "பின்னேரம் திரும்பவும் படுக்குமோ?" படுக்கும். இரவு உறைந்தால் படுக்கும். அடுத்த நாள் எழும்பும். "அப்ப சரி" என்றார். அவருக்கும் நாட்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

குரோக்கஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் கிழங்கு செய்யும் வேலை விசித்திரமானது. ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு தன்னிடம் உள்ளதையெல்லாம் பூவுக்கும் இலைக்கும் கொடுத்துச் சுருங்கி முடிந்துபோகும். அதன் தலைக்குமேல் புதுக்கிழங்கு ஒன்று உருவாகும். அப்படியே வருடா வருடம் மேலே மேலே வந்தால் சில வருடங்களில் மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டுமே? வராது. புதுக்கிழங்கிலிருந்து தடித்த வேர்கள் சில கீழே இறங்கி, மண்ணைப் பிடித்துக்கொண்டு, பிறகு தாமே சுருங்கும். சுருங்கும்போது கிழங்கைத் தேவையான ஆழத்துக்கு இழுத்துவிடும். அப்பா இதைக் கேட்டிருந்தால் கிணற்றடியில் இருந்து ஒரு மணித்தியாலம் இதைப் பற்றியே கதைத்திருப்பார்.

பழையது அழிந்து புதியது உருவாகும் இந்த முறை எங்களுக்குத் தெரியாததல்ல. கார்த்திகைப்பூவின் கிழங்கும் இதையேதான் செய்கிறது. வேலியோரங்களில் மழை தொடங்கியதும் ஏறி, இலை நுனியையே கையாக்கிக் கதியாலைப் பற்றி, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். பிறகு கொடி காய்ந்துவிடும். கீழே போன வருடக் கிழங்கு கரைந்து, கவை வடிவில் புதுக்கிழங்கு இருக்கும். கோடை முழுக்க நிலம் வெடித்துக் கிடந்தாலும் அடியில் அது உறங்கும். குளிர்நாட்டுக் கிழங்குகள் எழும்புவதற்குக் குளிர் தேவைப்படுவதுபோல, இதற்கு மழை. எங்கள் மண்ணில் முன்வசந்தம் என்று ஒன்று இருந்தால், அது ஐப்பசி மழையின் முதல் நாட்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே தோட்டங்களில் செப்டெம்பரில் இலையில்லாமல் ஊதாப்பூப் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடி உண்டு. வெள்ளைக்காரர் அதை இலையுதிர்காலக் குரோக்கஸ் என்கிறார்கள். ஆனால் அது குரோக்கஸ் இல்லை, கார்த்திகைப்பூவின் குடும்பம். இரண்டிலும் கொல்சிசின் என்ற ஒரே நஞ்சு. வாதநோய்க்கு வைத்தியர் தரும் மருந்தும் அதுதான், அளவு மீறினால் ஆளைக் கொல்வதும் அதுதான். இலங்கையில் கார்த்திகைப்பூக் கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம்.

கார்த்திகைப்பூ எங்களுக்கு என்ன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் எழுதவேண்டியதில்லை. ஒரு தோட்டக் குறிப்பு மட்டும். லண்டனில் அதைச் சாடியில் வளர்க்கலாம். மார்ச்சில் வீட்டுக்குள் சூடான யன்னலோரத்தில் கிழங்கை வைத்தால், ஓகஸ்ட் அளவில் பூக்கும். குளிர்காலத்தில் சாடியைக் காயவிட்டு உள்ளே எடுத்து வைக்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கிறோம். பூக்கிறது. ஆனால் கார்த்திகையில் பூப்பதில்லை. இந்த நாட்டில் அந்த மாதத்தில் அது உறங்குகிறது. அம்மா நவம்பரில் அந்த வெறும் சாடிக்கு முன்னால் விளக்கு வைப்பார். "உள்ளுக்கை இருக்குதுதானே" என்பார்.

போரைக் கண்ட சனங்களுக்கும் இந்த முன்வசந்தப் பூக்களுக்கும் உள்ள தொடர்பு எங்களோடு தொடங்கியதல்ல. இரண்டு கதைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஒன்று நெதர்லாந்து. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனிய ஆக்கிரமிப்பின் கீழ் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவது தடைப்பட்டது. சுமார் 20,000 பேர் பட்டினியிலும் அதன் பின்விளைவிலும் இறந்தார்கள். பசிக் குளிர்காலம் என்றே அதற்குப் பெயர். போரால் ஏற்றுமதி செய்ய முடியாமல் துலிப் கிழங்குகள் குவிந்து கிடந்தன. சனங்கள் அவற்றை வாங்கித் தோலுரித்து, நடுவில் உள்ள மஞ்சள் முளையை நீக்கி, அவித்துக் கஞ்சியாகவும் மாவாகவும் உண்டார்கள். துலிப்பும் முழுதாகப் பாதுகாப்பானதல்ல. பசி அவர்களை அதைச் சமைக்கக் கற்றுக்கொள்ள வைத்தது. இன்று ஏப்ரல் மாதத்தில் உலகமே படம் எடுக்கப் போகும் அந்தத் துலிப் வயல்களைப் பார்க்கும்போது, அந்த நாட்டு முதியவர்கள் சிலருக்கு நாக்கில் வேறு சுவை வந்திருக்கும். அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியை ஒரு கிடாரத்தின் முன் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர்களுக்கு இது விளங்கும்.

மற்றது போலந்து. வார்சோவில் யூதர்களை அடைத்து வைத்த சேரியில் 1943 ஏப்ரல் 19 அன்று எழுச்சி தொடங்கியது. அதன் தளபதிகளில் உயிர்தப்பிய மாரெக் எடெல்மன் பிறகு இருதய வைத்தியராக வாழ்ந்தார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் அவருக்கு மஞ்சள் டஃபடில் பூங்கொத்து அனுப்புவார். அவர் அதை எடுத்துச் சென்று நினைவுச்சின்னத்தில் வைப்பார். அவர் இறந்ததும் 2009இல்தான். 2013 முதல் வார்சோவில் உள்ள போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகம் ஒவ்வொரு ஏப்ரல் 19இலும் மஞ்சள் காகித டஃபடில்களை வழங்கி வருகிறது. தெருவில் போகிறவர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். அந்தக் காகிதப்பூ மடிப்பு விரிந்தால் யூதர்கள் அணியக் கட்டாயப்படுத்தப்பட்ட நட்சத்திரத்தை நினைவூட்டும். துக்கத்துக்கும் மஞ்சளுக்கும் பொருந்தாது என்று நினைத்திருந்த எனக்கு, இதைப் படித்த பிறகு ஏப்ரலில் டஃபடிலைப் பார்ப்பது கொஞ்சம் சுலபமானது.

தோட்டம் மனத்தைக் குணப்படுத்துமா? இங்கே ஓர் உண்மையான முயற்சியைச் சொல்லலாம். சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் லண்டன் அமைப்பொன்று, இன்று 'ஃப்ரீடம் ஃபுரொம் டோர்ச்சர்' என்ற பெயரில் இயங்குவது, 1990களிலிருந்தே தோட்ட நிலங்களில் உளச்சிகிச்சையைச் செய்து வந்திருக்கிறது. அறைக்குள் கதிரையில் இருந்து கதைக்க முடியாதவர்கள் மண்ணைக் கொத்திக்கொண்டு, களை பிடுங்கிக்கொண்டு, சிகிச்சையாளருடன் மெல்லக் கதைக்கத் தொடங்குவார்கள். பூட்டிய அறையே சிலருக்குப் பயம். குனிந்து வேலை செய்யும்போது மற்றவரின் கண்ணைப் பார்க்கத் தேவையில்லை. இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலரும் அந்த அமைப்பின் உதவியை நாடியவர்கள்.

அங்கேயும் தோட்டம் மட்டும் சிகிச்சை அல்ல, பயிற்றப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரவில் கத்தி எழும்புகிறவரையும், சாக நினைக்கிறவரையும் "ரெண்டு பூமரம் நடு, சரியாப் போகும்" என்று அனுப்பிவிடக்கூடாது. வைத்தியரிடம்தான் அனுப்ப வேண்டும். காணாமல் போன பிள்ளைக்குப் பதிலாக ஒரு செடியை யாரும் கொடுக்கவும் முடியாது. அம்மா ஊரில் வீதியோரக் கொட்டகைகளில் படத்தோடு இருக்கும் தாய்மாரைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, "நானும் அங்கை இருக்க வேண்டியவள்" என்று சொல்வதை எந்த ஸ்னோட்ரொப்பும் நிறுத்தவில்லை.

ஆனால் அந்த மாதங்களில் காலையில் கட்டிலை விட்டு எழும்ப ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. டிசம்பரில் இந்த ஊரில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்படிப்பட்ட நாட்களில், நேற்று ஒரு விரற்கடை இருந்தது இன்று எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க வெளியே போவது சிறிய விடயம். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. எனக்கும் மெல்ல மெல்ல.

நடுவதற்கு விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செப்டெம்பரிலிருந்து நவம்பர் வரை நடுகாலம். துலிப்பை நவம்பர் வரை பொறுத்து நட்டால் நோய் குறைவு. கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆழம், கூர்ப்பக்கம் மேலே. மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு சாடி போதும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும், ஏனென்றால் கிழங்கு குளிரைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. நடுகாலம் முடியும் தறுவாயில் கடைகளில் மிஞ்சிய கிழங்குகள் மலிவாகக் கிடைக்கும். நாங்கள் எப்போதும் அப்போதுதான் வாங்குவது. லண்டன் அணில்கள் எங்கள் ஊர் அணில்களைப் போலச் சாதுவானவை அல்ல. குரோக்கஸையும் துலிப்பையும் கிண்டித் தின்றுவிடும். மேலே ஒரு கோழிக்கூட்டுக் கம்பிவலை போட்டு விடுங்கள். டஃபடிலையும் ஸ்னோட்ரொப்பையும் தொடாது. நஞ்சு என்று அவற்றுக்குத் தெரியும்.

ஸ்னோட்ரொப்பை மட்டும் காய்ந்த கிழங்காக வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தாகக் கிளப்பி, பிரித்து, உடனே நட்டுவிட வேண்டும். அதனால் இந்தச் செடி கடையைவிட கைமாறித்தான் கூடுதலாகப் பரவுகிறது. அம்மா ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு கொத்தை ஈரக் கடதாசியில் சுற்றி யாருக்காவது கொடுப்பார். கோயிலில் கண்டவர், வைத்தியரிடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், வாய்பேசாத பக்கத்து வீட்டுக் கிழவர். இன்று வடமேற்கு லண்டனில் ஏழெட்டு வளவுகளில் அவருடைய ஸ்னோட்ரொப் நிற்கிறது. எந்த வீட்டில் எத்தனை பூ என்று ரெலிபோனில் கணக்கு எடுப்பார்.

டஃபடிலில் ஒரு சட்டம் இருக்கிறது. பூ வாடியதும் இலையை வெட்டக்கூடாது. முடிச்சுப் போட்டும் கட்டக்கூடாது. குறைந்தது ஆறு கிழமைகள் அப்படியே விட வேண்டும். அந்த ஆறு கிழமைகளில்தான் அடுத்த வருடத்துக்கான பூவை இலை சம்பாதிக்கிறது. அழகாக இராது. மஞ்சளாகி, சோர்ந்து, புல்தரையெல்லாம் படுத்துக் கிடக்கும். முதல் வருடம் நான் புல்வெட்டும் மெசினை வெளியில் எடுத்தபோது அம்மா வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெங்காயத் தாள் பச்சையாக இருக்கும்போது கிளப்பினால் கிழங்கு நில்லாது என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் வளவில் டஃபடில் வாடுவது ஏப்ரல் முதல் கிழமை. அதிலிருந்து ஆறு கிழமை எண்ணினால் மே 18 வந்துவிடும். அன்று காலை அம்மா கஞ்சி காய்ச்சுவார், அரிசியும் தண்ணீரும் உப்பும். தம்பியின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பின்வாசல் படியில் இருந்து குடிப்போம். முன்னால் காய்ந்த இலைகள் கிடக்கும். புல் முழங்காலளவு வளர்ந்திருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் வெட்டுவோம்.